ஜாவா இடைமுகத்திலிருந்து சேவை விவரக் கோப்பை உருவாக்குவது முறையா?

பெல்லந்தூர்வாசி:
பெங்களூரில் கடன் வழங்கும் நிறுவனம் ஒன்றுக்கான மென்பொருளை எழுதும் குழுவில் இருக்கிறேன். எங்கள் சோப் சேவைகளை (எக்ஸ்எம்எல் செய்திகள் வழியாக மற்ற நிரல்கள் அழைக்கும் இணையச் சேவைகளை) மும்பையிலுள்ள வங்கிகள் அழைக்கின்றன. அவர்கள் பக்கம் மைக்ரோசாஃப்டின் டாட்நெட், எங்கள் பக்கம் ஜாவா. சேவையின் செயல்பாடுகளைப் பட்டியலிடும் ஜாவா இடைமுகத்தை எழுதி அதில் அன்னொட்டேஷன் எனும் குறிப்புகளை இட்டுவிட்டால், அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் என்ற கருவி, சேவையை எப்படி அழைப்பது என்று சொல்லும் டபிள்யூஎஸ்டிஎல் விவரக் கோப்பைத் தானே உருவாக்கித் தருகிறது. ஆனால் குழுவின் மூத்தவர் ஒருவர், கோப்பை முதலில் கையால் எழுதி அதிலிருந்தே ஜாவா நிரலைப் பெற வேண்டும் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு செயல்பாட்டைச் சேர்க்க வேண்டுமானால் வகை, செய்தி, போர்ட்டைப் (செயல்பாடுகளின் தொகுப்பு), பைண்டிங் (அவற்றை அனுப்பும் முறை) என்று நான்கு இடங்களில் கைவைக்க வேண்டிய கோப்பு அது. இடைமுகத்தில் ஒரே வரியில் முடிகிற வேலையை எதற்காக நான்காக்க வேண்டும்?

கோரமங்களா கயல்:
உங்கள் மூத்தவர் சொல்வதே சரி. ஜாவாவின் வகைகளால் சொல்ல முடியாத விஷயங்கள் விவரக் கோப்பு எனும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. பான் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்: 5 எழுத்து, 4 இலக்கம், மீண்டும் 1 எழுத்து. கோப்பில் தரவின் வடிவத்தை வரையறுக்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் இதை ஒரே வரியில் கட்டுப்பாடாக எழுதிவிடலாம். ஜாவாவில் அது வெறும் ஸ்டிரிங் (எழுத்துச் சரம்). ஜாவா வகுப்புகளை எக்ஸ்எம்எல்லோடு இணைக்கும் ஜாக்ஸ்பி உருவாக்கும் ஸ்கீமாவிலும் வெறும் ஸ்டிரிங்காகவே வரும். அதோடு, ஸ்டிரிங் போன்ற வகைகளை அது இயல்பாகவே கட்டாயமற்றவையாக அறிவிக்கிறது. ஆகவே விண்ணப்பதாரரின் பெயரே இல்லாத கடன் விண்ணப்பமும் உங்கள் விவரக் கோப்பின்படி செல்லுபடியாகும். வங்கியில் இருப்பவர் உங்கள் ஜாவா நிரலைப் பார்ப்பதில்லை. அந்தக் கோப்பை மட்டுமே நம்பித் தன் நிரலை எழுதுகிறார்.

பெல்லந்தூர்வாசி:
கட்டாயம் என்று குறிப்பதற்கு அன்னொட்டேஷன் இருக்கிறதே! இடைமுகத்தின் அளபுருப் (பாராமீட்டர்) பெயர்கள் தொகுத்த (கம்பைல் செய்த) வகுப்பில் தங்காததால் விவரக் கோப்பில் ஆர்க்0, ஆர்க்1 என்று வருகிற சிக்கலையும் வெப்பாராம் (WebParam) என்ற அன்னொட்டேஷன் தீர்த்துவிடுகிறது. கருவி தருகிற வசதிகளைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டுக் கருவியைக் குறை சொல்வது நியாயமில்லை. எங்கள் குழுவில் ஸ்கீமாவைப் பிழையின்றிக் கையால் எழுதக்கூடியவர் ஒருவரே. அவர் விடுப்பில் போனால் வேலை நின்றுவிடும். ஜாவா எல்லோருக்கும் தெரியும்.

கோரமங்களா கயல்:
புலங்களின் வரிசையையும் எண்ணிப் பாருங்கள். ஸ்கீமாவில் உறுப்புகள் வரிசை முறையில் அறிவிக்கப்படுகின்றன. வரிசையை நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், வகுப்பின் புலங்கள் எந்த ஒழுங்கில் வரும் என்பதற்கு ஜாக்ஸ்பி உறுதி தருவதில்லை. ஒருவர் வகுப்பைச் சற்று ஒழுங்குபடுத்தி எழுதினாலும் கோப்பு மாறிவிடலாம். டாட்நெட்டில் எக்ஸ்எம்எல்லைப் படித்து மதிப்புகளாக்கும் டேட்டா கான்ட்ராக்ட் சீரியலைசர், எதிர்பார்த்த இடத்தில் வராத உறுப்பைப் பிழை காட்டாமலே விட்டுவிட்டு அந்த மதிப்பை வெறுமையாக வைத்துக்கொள்ளும். கடன் தொகை அப்படிக் காணாமற்போனால், அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கும் வங்கிக்கும் எத்தனை நாளாகும்?

எலக்ட்ரானிக் சிட்டி நிரலர்:
இருவரும் ஒரே கோப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆனால் அது எப்போது பிறக்கிறது என்பதில்தான் வேறுபடுகிறீர்கள். முதல்முறை கருவியைக் கொண்டு உருவாக்குவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஒவ்வொரு பில்டிலும் (நிரலைத் தொகுத்து வெளியீட்டுக்குத் தயாராக்கும் ஒவ்வொரு முறையும்) புதிதாக உருவாக்கி, பார்க்காமலே வெளியிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். கருவிகள் வரும், போகும். அப்பாச்சி ஆக்சிஸ் என்ற பழைய கருவியின் காலத்தில் ஆர்பிசி-என்கோடட் என்ற செய்தி வடிவப் பாணியில் உருவாக்கிய கோப்புகளை, வெவ்வேறு தளங்களின் சேவைகள் ஒன்றோடொன்று இயங்குவதற்காக 2004இல் வெளியான டபிள்யூஎஸ்-ஐ அடிப்படை வரையறை ஏற்காமல் ஒதுக்கியது. 2006இல் ஜாவா 6உடன் சேர்ந்து வந்த, விவரக் கோப்பை உருவாக்கும் டபிள்யூஎஸ்ஜென் கருவி, 2018இல் ஜாவா 11இலிருந்து நீக்கப்பட்டது. வங்கியின் பக்கமோ, ஒருமுறை வாங்கிக்கொண்ட விவரக் கோப்பு ஆண்டுக்கணக்கில் அப்படியே பயன்பாட்டில் இருக்கும்.

ஆகவே, உருவான கோப்பை ஒருவர் படித்துத் திருத்தி, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் (Git) நிரலோடு சேர்த்து வைக்கட்டும். ஜாவாவின் வெப்சர்வீஸ் அன்னொட்டேஷனில் கோப்பின் இருப்பிடத்தைக் குறிப்பிட்டால், சேவை அந்தக் கோப்பையே வெளியிடும். ஒவ்வொரு பில்டிலும் இடைமுகத்திலிருந்து இன்னொரு பிரதியை உருவாக்கி, போன பில்டில் உருவான பிரதியோடு ஒப்பிடுங்கள். மாற்றம் தெரிந்தால் பில்ட் நிற்கட்டும். அப்போது வரிசை மாறியதை வங்கிக்கு முன்பே நீங்கள் அறிவீர்கள்.

கோரமங்களா கயல்:
இந்த ஏற்பாடு பாதி வழிதான் என்றாலும் வரவேற்கிறேன். ஆனால் திருத்திய கோப்போடு நேரடியாக ஒப்பிடாமல், உருவான பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிடச் சொன்னதன் காரணத்தைப் புதியவர்களுக்கு விளக்க வேண்டும். கையால் சேர்த்த பான் எண் கட்டுப்பாடு, ஜாவா வழியாகப் போய்வந்தால் உதிர்ந்துவிடும். ஸ்கீமாவிலிருந்து எக்ஸ்ஜேசி என்ற ஜாக்ஸ்பி கருவி உருவாக்கிய வகுப்புகளை மீண்டும் ஸ்கீமாவாக்கினாலும் அது திரும்பி வராது. இன்னொன்றும் உண்டு: கோப்பில் கட்டுப்பாடு இருப்பதாலேயே சிஎக்ஸ்எஃப் அதைச் சரிபார்த்துவிடாது. ஸ்கீமா சரிபார்ப்பை அமைப்பில் தனியாக இயக்க வேண்டும். இல்லாவிட்டால் தவறான பான் எண் உள்ளே வந்தே தீரும்.

பெல்லந்தூர்வாசி:
வங்கிகளுக்கான சேவைகளில் நிரலர் சொன்ன ஏற்பாட்டை ஏற்கிறேன். சரிபார்ப்பை இயக்குவதையும் குழுவில் முன்வைக்கிறேன். ஆனால் அழைப்பவரும் அளிப்பவரும் ஒரே குழுவில் உட்கார்ந்து, ஒரே நாளில் இருபுறமும் மாற்றி வெளியிடுகிற உள்சேவைகளுக்கு இடைமுகத்திலிருந்தே உருவாக்குவதைக் கைவிட மாட்டேன். அங்கே கோப்பைக் காத்துவைக்க வேண்டிய மூன்றாம் தரப்பே இல்லை.

கோரமங்களா கயல்:
ஒரே குழு என்ற நிலை இருக்கும்வரை அது சரி. அந்தச் சேவையைப் பக்கத்துக் குழு அழைக்கத் தொடங்கும் நாளில், ஒரே பெயரில் இரண்டு செயல்பாடுகள் இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். ஜாவா இடைமுகத்தில் அது இயல்பு; டபிள்யூஎஸ்-ஐ வரையறையோ ஒரு போர்ட்டைப்பில் அதை அனுமதிப்பதில்லை. பெயரை மாற்றுவதானால், அதை அழைப்பவர்கள் பெருகுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.