சோனி ஹிட்பிட்: ஃபிளாப்பி சுற்றவில்லை, என்ன செய்யலாம்?

நிஷிகசாய்வாசி:
டோக்கியோவுக்கு வேலைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. போன ஞாயிறு ஒரு பழைய சாமான் கடையில், மூடி இல்லாத ரைஸ் குக்கர்களுக்கு நடுவே, சோனியின் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஹிட்பிட் எச்பி-எஃப்1எக்ஸ்டி கிடந்தது. 1987 மாடல், பல கம்பெனிகள் பொதுவாகப் பின்பற்றிய எம்எஸ்எக்ஸ்2 வகை. 'ஜங்க்' (ஓடும் என்று உத்தரவாதம் இல்லாத சாமான்) என்று சீட்டு ஒட்டி 6,600 யென். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் விழுந்த திட்டு தனிக் கதை.

மஞ்சள் வயரை டிவியில் செருகினால் படம் வருகிறது. ஆனால் ஃபிளாப்பி போட்டால் மோட்டார் உறுமுகிறதே தவிர, 'டிஸ்க் ஆஃப்லைன்' என்றுதான் பதில். இன்று காலையிலிருந்து எதைத் தட்டினாலும் ஜப்பானிய எழுத்தாக விழுகிறது. இன்னொன்று, பின்னாலுள்ள 21 பின் ஆர்ஜிபி வீடியோ வாயில் ஐரோப்பிய டிவிகளின் ஸ்கார்ட் கேபிளைச் செருகலாமா? பார்க்க ஒன்றுபோல இருக்கிறது.

ரோம்பழசு:
எழுத்துப் பிரச்சினைக்கு கனா கீயை (ஜப்பானிய எழுத்துக்கு மாற்றும் கீ) ஒரு தட்டு தட்டுங்கள், போதும். தெரியாமல் கை பட்டிருக்கும்.

டிரைவ் சுற்றாததற்குக் காரணம் பெல்ட். அதில் மோட்டாரையும் டிஸ்க்கையும் இணைப்பது ஒரு சின்ன ரப்பர் வளையம்தான். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டதால் அது கருப்புத் தாராக உருகி, புல்லியில் அப்பியிருக்கும். கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ரப்பரின் ஆயுள் அவ்வளவுதான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, பொறுமையாகத் துடைத்தெடுங்கள். கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. துணி என்றால் மறந்துவிடலாம். புது பெல்ட்டை மாடல் எண் சொல்லித் தேடுங்கள். உருகியதை அளந்து வாங்க முடியாது.

அதுவரை ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஆன் செய்யுங்கள். டிரைவை ஒதுக்கிவிட்டு நேரே பேசிக் என்ற புரோகிராம் மொழியில் நிற்கும், 28815 பைட் மெமரி மிச்சம் என்றும் காட்டும்.

கேபிள்_கருகல்:
ஸ்கார்ட்டைச் செருகாதீர்கள்! வாய் ஒன்றுதான், உள்ளே பின்களின் வரிசை வேறு. ஜப்பான் 21 பின்னுக்கென்று தனி கேபிள் அல்லது மாற்றி வேண்டும். என் பெயர் ஏன் இப்படி என்று இப்போது புரிந்திருக்கும். ஊருக்கு எடுத்துப் போனால் 100 வோல்ட் மெஷின் என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230-இல் செருகினால் கதை முடிந்தது.

நிஷிகசாய்வாசி:
பெல்ட் மாற்றியாயிற்று. சுற்றுகிறது! தாரைத் துடைக்க இருபது பஞ்சுக்குச்சியும் ஒரு நல்ல சட்டையும் போயின. அடுத்து என்ஈசி கம்பெனியின் பிசி-8801எம்கேஐஐ எஸ்ஆர் கம்ப்யூட்டர் வாங்கலாமா? 1985-இல் எஃப்எம் இசையோடு (ரேடியோ அல்ல, சிப்பே உருவாக்கும் சத்தம்) வந்ததாமே, அந்தச் சத்தம் கேட்க ஆசை.

ரோம்பழசு:
சத்தத்துக்காகவே வாங்கலாம். ஆனால் முதலில் மானிட்டருக்கு இடம் பாருங்கள். அதன் 400 கோட்டுப் படத்துக்கு 24 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் கோடு வரையும் மானிட்டர் வேண்டும், உங்கள் டிவி அநேகமாக முகம் காட்டாது. டிஸ்க்கும் ஐந்தேகால் அங்குலம். பழையது கிடைத்தால் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே உள்ளே தள்ளுங்கள். அப்புறம், வீட்டில் அனுமதி வாங்கிவிட்டீர்களா?

நிஷிகசாய்வாசி:
சட்டை விஷயம் இன்னும் தெரியாது.