வெள்ளச்சி என் மெத்தையில் ஒண்ணுக்குப் போன கதை: உங்கள் வீட்டில் என்ன நடந்தது, எழுதுங்கள்

வெள்ளச்சி எங்களிடம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. சாதாரண தெருப் பூனைதான், மழைக்குப் பயந்து கார் இன்ஜினுக்குள் புகுந்து கத்திக்கொண்டிருந்த குட்டி. மூன்று வருஷத்தில், அதற்கென்று மணல் போட்டு வைத்த ட்ரேக்கு வெளியே ஒரு சொட்டு விட்டதில்லை. போன ஐப்பசியில் நான் ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினேன், அன்று ராத்திரியே என் மெத்தையில் ஈரம். மறுநாள் துவைத்து மடித்து வைத்த வேட்டி, அதற்கடுத்து பூஜை அறை ஓரம் சுருட்டி வைத்த பாய். "நீ விட்டுட்டுப் போனல்ல, அதான் பழி வாங்குது" என்றார் மாமியார். நானும் நம்பித் தொலைத்தேன். பக்கத்து வீட்டில் சொன்னார்களே என்று அதன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்த்து ஒரு அடியும் போட்டேன். பலன் என்ன தெரியுமா, அப்புறம் என் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போக ஆரம்பித்தது. நாற்றம் வருகிறது, இடம் மட்டும் தெரியவில்லை. கடைசியில் இருட்டில் யு.வி. டார்ச் அடித்துப் பார்த்தபோது சுவர் ஓரமெல்லாம் திட்டுத்திட்டாக மின்னியது.

டாக்டர் முதலில் சிறுநீரைச் சோதித்தார். கிருமி இல்லை, கல் இல்லை. அப்புறம்தான் கேட்டார்: "வீட்டுல எதை மாத்தினீங்க?" ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னேன். என் கணவர் பக்கத்தில் தலையைச் சொறிந்தார். நான் ஊரில் இருந்தபோது மழையில் மணல் நனைந்துவிட்டதாம், அதனால் கடையில் போய் லாவண்டர் வாசனை போட்ட லிட்டரும் (மணலுக்குப் பதிலாக ட்ரேயில் கொட்டும் தூள்), மூடி போட்ட பெட்டியும் வாங்கி, "அழகா ஒரு மூலையில இருக்கட்டும்" என்று வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நமக்கே குமட்டும் வாசனை, அதற்கு எப்படி இருக்கும்! உள்ளே போனால் திரும்ப இடமில்லை, உட்காரும் நேரம் பார்த்து மெஷின் தடதடவென்று சுற்றும்.

மூடியைக் கழற்றி எறிந்தோம். பாத்திரக் கடையில் இரண்டு அகலமான பிளாஸ்டிக் தொட்டி வாங்கினோம், பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஒன்றில் பழையபடி சலித்த மணல், இன்னொன்றில் வாசனையில்லாத களிமண் லிட்டர், இரண்டிலும் இரண்டு அங்குல உயரத்துக்கு. எதற்குப் போகிறாள் என்று பார்த்தால், மணலுக்குத்தான். காலையும் ராத்திரியும் அள்ளிவிடுகிறேன். முழுக்கச் சரியாக பதினோரு நாள் ஆனது.

துடைக்கிற விஷயத்திலும் ஒரு திட்டு வாங்கினேன். பினாயில் ஊற்றித்தான் கழுவிக்கொண்டிருந்தேன். அதிலும் கருப்பு பினாயில் பூனைக்கு விஷமாம். அந்த ரசாயனத்தை உடைத்து வெளியேற்ற அதன் ஈரலால் முடியாது, தரையில் நடந்துவிட்டு பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். ப்ளீச்சும் கூடாது, மூத்திரத்தோடு சேர்ந்தால் நெடி மூக்கை எரிக்கும். என்சைம் கலந்த கிளீனர் கிடைக்கிறது, அதைத் தெளித்த உடனே துடைக்காமல் கால் மணி நேரம் ஊற விட வேண்டும். அந்தப் பழைய வாடை மிச்சம் இருக்கிற வரை பூனை அதே இடத்தைத் தேடித்தான் வரும். மெத்தையை இரண்டு தடவை ஊற வைத்து, வெயில் வந்த நாளில் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்க் காய வைத்தோம்.

* * *

அக்கா, உங்களுடையது பெண் பூனை, தப்பித்தீர்கள். ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எங்கள் கருப்பனுக்கு நாலு வயசு. ஒரு நாள் சாயங்காலம் பாத்ரூம் தரையில் உட்கார்ந்தான், கிச்சன் சிங்கில் உட்கார்ந்தான், ஷூ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு சொட்டு. "கொழுப்பு ஏறிப்போச்சு" என்று அப்பா திட்டினார், முக்குகிறானே, மலச்சிக்கலாக இருக்கும் என்று நான் நினைத்தேன். ஒரு ராத்திரி முழுக்க வீணாக்கிவிட்டோம். விடியற்காலையில் வாந்தி, வயிற்றைத் தொட்டால் பந்து மாதிரி இறுக்கம், அவன் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. ஆட்டோ பிடித்து சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினோம். மூத்திரக் குழாயில் அடைப்பு. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் ரொம்பக் குறுகல், பொடிப்பொடியான படிகம் சேர்ந்தாலே அடைத்துக்கொள்ளும். முழு அடைப்பு என்றால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும் என்று அங்கேதான் தெரிந்தது. குழாய் வைத்து எடுத்தார்கள், பிழைத்தான். அதுவரை உலர் தீனி மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தோம், தண்ணீரை அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். இப்போது உப்பு, மசாலா எதுவும் போடாமல் மீன் வேகவைத்து அந்தத் தண்ணீரோடு கொடுக்கிறோம், டாக்டர் சொன்ன ஈரத் தீனியும் உண்டு. வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது. எங்கள் அப்பா காலில் இடறிக் கொட்டுவது தனிக் கதை.

* * *

எங்கள் வீட்டு ஆண் பூனை வேறு மாதிரி. உட்கார்ந்து போகவில்லை, நின்றபடி வாலைத் தூக்கி நடுக்கி, திரைச்சீலையிலும் சுவரிலும் பீய்ச்சி அடிப்பான். இதற்கும் ட்ரேக்கும் சம்பந்தமில்லை, தன் எல்லை என்று குறி போடுகிறான். ராத்திரி ஜன்னல் பக்கம் தெருக் கடுவன் ஒன்று வந்து உறுமிவிட்டுப் போகும், மறுநாள் காலை அந்த ஜன்னல் திரை நாறும். கருத்தடை ஆபரேஷன் செய்தோம். செய்த மறுநாளே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. ஜன்னலின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டியதும் உதவியது.

* * *

அம்மா வீட்டுக் கிழவிப் பூனைக்கு பதினாறு வயசு. ட்ரேக்குப் பக்கத்திலேயே, சரியாக ஒரு ஜாண் தள்ளிப் போகும். வயசாகிவிட்டது, புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டோம். சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் பார்த்த பிறகு கடைசியில் மூட்டு வலி என்று தெரிந்தது, ட்ரேயின் விளிம்பைத் தாண்டக் கால் எழும்பவில்லை. கத்தியைச் சூடு காட்டி ஒரு பக்கம் வாசல் மாதிரி வெட்டிவிட்டேன், அன்றைக்கே உள்ளே போய்விட்டது.

* * *

முதலில் எழுதியவள்தான். கருப்பன் கதையைப் படித்துவிட்டு மாமியாரிடம் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வெள்ளச்சியின் தண்ணீர்க் கிண்ணம் இன்று இரண்டாகி இருக்கிறது. ஒரு சந்தேகம்: மழை விடாததால் மணல் காயவே மாட்டேன் என்கிறது. தேங்காய் நார்த்தூள், மரத்தூள் போட்டுப் பழக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரேயடியாக மாற்றாமல் தினம் ஒரு கை கலந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், என் கணவர் மறுபடியும் கடைக்குக் கிளம்பத் தயாராக நிற்கிறார்.