பசிக்கிறதா என்று கேட்டபோது கடிகாரத்தைப் பார்த்தேன்

எடையைக் குறைக்க விரும்பி உணவியல் நிபுணர் ஒருவரிடம் சென்றிருந்தபோது, நான் என்ன சாப்பிடுகிறேன் என்று விசாரிப்பதற்கு முன்பாகவே அவர், நாடியைத் தொட்டுப் பார்க்காமல் என் இதயத் துடிப்பை எண்ணிச் சொல்லுமாறு கேட்டார். கண்களை மூடி அமர்ந்திருந்த எனக்கு, நாற்காலியின் சாய்வு முதுகில் அழுத்துவதும் மூச்சு வந்து போவதும் தெரிந்தனவே தவிர, துடிப்பு புலப்படவே இல்லை. இது, உடலுக்குள் நடப்பதை ஒருவர் எவ்வளவு உணர்கிறார் என்று அறிய உளவியலாளர் ரெய்னர் ஷாண்ட்ரி 1981இல் விவரித்த சோதனை என்றும், நாடித் துடிப்பின் வழக்கமான அளவை அறிந்தவர்கள் ஊகித்தே சரியான எண்ணைச் சொல்லிவிட முடியும் என்பதால் அதை மட்டும் வைத்து எவரையும் எடைபோடக் கூடாது என்றும் அந்த நிபுணரே விளக்கினார்.

அடுத்து, "இப்போது பசிக்கிறதா?" என்று கேட்டார். என் கண்கள் சுவர்க் கடிகாரத்துக்குச் சென்றன. வேகமாக ஓடும்படி மாற்றிவைத்த கடிகாரத்தைப் பார்த்த பருமனானவர்கள், மெதுவாக ஓடிய கடிகாரத்தைப் பார்த்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டதாக உளவியலாளர்கள் ஷாக்டரும் கிராஸும் 1968இல் எழுதியிருந்ததைப் பின்னர் படித்தபோது, அந்தக் கணம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் கடிகாரம் போன்ற புறத்தூண்டல்களுக்கு ஒல்லியானவர்களும் ஆட்படுகிறார்கள் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அவர் சொன்னபடி, பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தி, விலா எலும்புகளுக்குக் கீழே மேல்வயிற்றைக் கவனிக்கத் தொடங்கினேன். இரைப்பை விரிவடைவதை வேகஸ் நரம்பு மூளைக்குத் தெரிவிக்கிறது. முதலில் லேசான இறுக்கமாக மட்டுமே வரும் அதை, பேச்சிலோ திரையிலோ மூழ்கியிருந்தால் எளிதில் தவறவிட்டுவிடுவோம். என் எடை பெரிதாகக் குறையவில்லை. எனினும் களைப்பையும் கவலையையும் பசியிலிருந்து பிரித்தறிய முடிகிறது. "வாயைக் கட்டு" என்பதையே காலமெல்லாம் கேட்டுவந்த எனக்கு இது மிகப் பெரிய விடுதலை.

மறுமொழி: நான் மெலிந்த உடல்வாகு கொண்டவன். வேலை மும்முரத்தில் எனக்குப் பசியே தெரியாது. தலை வலித்து, கை நடுங்கிய பிறகுதான் சாப்பிடவில்லை என்பது உறைக்கும். எடை குறைவாக இருப்பதாலேயே என்னைக் கட்டுப்பாடானவன் என்று பாராட்டுகிறார்கள். உடற்பருமன் உள்ளவர்களிடம் அக உணர்வு, அதாவது உடலுக்குள் நடப்பதை உணரும் திறன், சராசரியாகக் குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் சொன்னாலும், எது காரணம், எது விளைவு என்பது இன்னும் முடிவாகவில்லை. பட்டினி கிடந்து பசியைப் புறக்கணித்துப் பழகியதாலேயே அந்த உணர்வு மங்கியதாகக் கருதுபவர்கள் இங்கு இருந்தால், அவர்களின் அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன்.