பாப்பா சட்டையில நிஜ திமிங்கல போட்டோ பிரிண்ட் போடலாமா?

கானாடுகாத்தான் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு பையன் பொறந்து 20 நாள் ஆச்சு, இப்ப இங்க எங்க வீட்டுலதான் இருக்கா. அவ வீட்டுக்காரரு கப்பல்ல இன்ஜினியர், புள்ள பொறந்தப்ப நடுக்கடல்ல இருந்தாரு, இன்னும் ரெண்டு மாசம் கழிச்சுதான் இறங்குவாரு. பிப்ரவரில இலங்கைக்குத் தெக்க தெய்வேந்திரமுனை பக்கம் போறப்ப டெக்ல நின்னு போன்ல ஒரு திமிங்கலத்த எடுத்து அனுப்பியிருந்தாரு. கருநீலத் தண்ணிக்கு மேல வால் மட்டும் தூக்கி நிக்குது, வால் ஓரத்துல இருந்து தண்ணி நூல் நூலா வடியுது, அவ்வளவு அழகு. அவரு வந்து புள்ளைய மொதத் தடவ தூக்குறப்ப அந்தப் படம் போட்ட சட்டைய போட்டு விடணும்னு எனக்கு ஆசை. கடையில கிடைக்கிறது பூராம் சிரிக்கிற கார்ட்டூன் திமிங்கலம், அது வேணாம், அவன் அப்பச்சி பாத்த அதே திமிங்கலம்தான் வேணும். ஆனா எங்க ஆத்தா பச்சப்புள்ள மேல மை அடிச்ச துணி படக்கூடாதுங்குறாக. யாராச்சும் பண்ணியிருக்கீங்களா? எந்தத் துணி, எந்த பிரிண்ட் நல்லது?

காரைக்குடி தையல்:
ஆத்தா சொல்றது நியாயந்தான்மா. நான் என் மகளுக்கு 5 மாசத்துல போட்டோ பிரிண்ட் சட்டை ஒண்ணு ஆர்டர் போட்டு வாங்கினேன், எந்தக் கடைன்னு வேணாம். பாக்க பளபளன்னு இருந்துச்சு, தொட்டா ரப்பர் ஷீட் ஒட்டின மாதிரி. சித்திரை வெயில்ல ரெண்டு மணி நேரம்தான் போட்டிருப்பா, கழட்டிப் பாத்தா நெஞ்சுல படம் இருந்த எடம் மட்டும் சதுரமா வேர்க்குரு, அளவெடுத்து வச்ச மாதிரி. எனக்கு அழுகையே வந்துருச்சு. நம்ம ஊரு சூட்டுக்கு காத்து போகாத பிரிண்ட் ஆகவே ஆகாது. முன்னாடி முடிச்சு போடுற ஜப்லா மாதிரி தைங்க, தலை வழியா மாட்டுறது வேணாம். தையல் பிசிறு உள்பக்கம் உறுத்தாம பாத்துக்கங்க.

திருப்பூர் பிரிண்டிங் தம்பி:
அக்கா, அந்த ரப்பர் மாதிரி இருந்தது டிடிஎஃப்பாத்தான் இருக்கும், ஃபிலிம்ல அடிச்சு சூடு வச்சு துணி மேல ஒட்டுறது. பெரியவங்க டீஷர்ட்டுக்கு சரி, கைக்குழந்தைக்கு வேணாம். சப்ளிமேஷன்னு, அதாவது சூட்டுல மைய ஆவியாக்கி துணியில ஏத்துறதுன்னு சொன்னாலும் வேணாம்னுருங்க, அது பாலியெஸ்டர்லதான் நிக்கும், 100 காட்டன்ல பிடிக்காது. நீங்க கேக்க வேண்டியது டிடிஜி, தண்ணி மைய நேரா துணியிலயே அடிக்கிறது. வெள்ளை இல்ல வெளிர் நிற காட்டன் பனியன் துணியில போடுங்க, கலர் துணின்னா அடியில ஒரு வெள்ளை மை கோட்டிங் குடுப்பாங்க, அதுலதான் கனம் ஏறும். இன்னொண்ணு, கடல் மொத்தத்தையும் பெட்டியா அடிக்காதீங்க, வாலும் அதுக்குக் கீழ கொஞ்சம் நுரையும் மட்டும் வெட்டி எடுத்துக் குடுங்க, மை படுற எடம் பாதிக்கு மேல குறைஞ்சிரும். வாங்கினதும் படத்து மேல ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, உள்ள இறங்குச்சுன்னா துணி மூச்சு விடுது, முத்து மாதிரி அப்படியே நின்னா திருப்பிக் குடுத்துருங்க. துணிக்கும் மைக்கும் ஓக்கோ டெக்ஸ் 100 சர்டிபிகேட், அதாவது கெடுதல் கெமிக்கல் இருக்கான்னு சோதிச்சு குடுக்குறது, இருக்கான்னு கேளுங்க, அதுல கிளாஸ் 1தான் 3 வயசு வரைக்கும் உள்ள குழந்தைகளுக்கு.
அப்புறம் போட்டோ. 6 இன்ச் அகலத்துக்கு 300 டிபிஐன்னா, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளின்னா, 1800 பிக்சல் வேணும், துணியில 1200 இருந்தாலும் ஒப்பேத்திரலாம். அவரு வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பியிருந்தா படம் சுருங்கியிருக்கும், ஒரிஜினல டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

தேவகோட்டை ஆச்சி:
மூணு மாசம் வரைக்கும் எங்க வீட்டுல பழைய வேட்டிதான், துவைச்சு துவைச்சு பஞ்சு மாதிரி ஆனது. ஏணைக்கு பழைய கண்டாங்கி. அதுனால ஒங்க ஆத்தாவ வருத்தப்பட வைக்காம, மாப்பிள்ளை வர்ற நாளைக்குன்னே தைச்சு வையி ஆத்தா, அப்ப புள்ளைக்கு மூணு மாசம் நெருங்கியிருக்கும். ஒரு சைஸ் பெருசாவே எடு. போடுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவ அலசி, உள்பக்கம் வெளிய திருப்பி நிழல்ல காயப்போடு.
எங்க ஐயா நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி பினாங்குக்கு போனவுக. வழியில பெரிய மீனு ஊத்தடிச்சத பாத்தோம்னு சொல்வாக, நாங்க வாயப் பொளந்து கேப்போம். ஒரு படம் கூட இல்ல. ஒனக்கு படம் இருக்கு, விட்ராத.

தொண்டி கரை:
போட்டோவ நானும் பாக்கணும் போல இருக்கு. தெய்வேந்திரமுனைக்கு வெளிய கப்பல் பாதை போற எடமே நீலத்திமிங்கலம் இருக்குற எடம்தான், கப்பல் மோதி செத்துப் போறதும் அங்க நடக்குது, அதுக்காகவே 2022ல ஒரு பெரிய கப்பல் கம்பெனி தன் பாதைய இன்னும் தெக்க தள்ளி வச்சுச்சு. அதே இலங்கைத் தென்கரையில இருக்குற மிரிஸ்ஸாவுல சுற்றுலாப் படகுல போய் பாக்குறதும் இதே டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான். ஆனா ஸ்பெர்ம் திமிங்கலமும் அங்க வால் தூக்கும், அதுனால சட்டையில பேரு எதுவும் எழுதுறதா இருந்தா முதல்ல அவருகிட்ட ஒண்ணு கேளுங்க: மூச்சு விட்டப்ப தண்ணி நேரா உசரமா எழுந்துச்சா, இல்ல முன்னாடி இடது பக்கமா சாஞ்சு போச்சா? நேரா போனா நீலம், சாஞ்சா ஸ்பெர்ம். நீலத்திமிங்கலக் குட்டி பொறக்கையிலயே கிட்டத்தட்ட 7 மீட்டர், தாய்ப்பால் குடிச்சு ஒரு நாளைக்கு 90 கிலோ வரைக்கும் ஏறும். ஒங்க தங்கச்சி மகனுக்கு கொஞ்சம் பெரியவனானதும் சொல்லிக் குடுங்க.

கானாடுகாத்தான் பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி சிக்னல் கிடைச்சப்ப பேசினாரு. தண்ணி நேரா, ரெண்டு மாடி உசரத்துக்கு எழுந்துச்சாம். ஒரிஜினல் 4000 பிக்சல் அகலம் இருக்கு, டாக்குமென்ட்டா வந்துருச்சு, வால் மட்டும் வெட்டினா 1500 வருது. வெள்ளை ஜப்லா ரெண்டு, ஒண்ணு 3 மாச சைஸ், ஒண்ணு 6 மாச சைஸ். ஆத்தா படத்த போன்ல பெருசாக்கிப் பாத்துட்டு, வடியிற தண்ணியும் துணியில தெரியுமான்னு கேட்டாக. தம்பி, அந்த நூல் நூலா வடியிறது டிடிஜியில தெரியுமா?

திருப்பூர் பிரிண்டிங் தம்பி:
வெள்ளைத் துணியில வெள்ளைத் தண்ணி காணாமப் போயிரும் அக்கா. வாலுக்குப் பின்னாடி லேசா ஒரு நீலம் விட்டு வெட்டச் சொல்லுங்க, அப்ப தெரியும்.