மாசிக் களரி: வேன் சீட்டு

குழு: கருப்பசாமி துணை

சரசு அத்தை: நம்ம குலசாமி கோயில் களரிக்கு யார் யார் எதுல வர்றீங்க? வேன்காரருக்கு நாளைக்குள்ள சொல்லணும். 14 சீட்டுதான்

முத்து மாமா: கிடாவுக்கு இன்னும் ரெண்டு பங்கு வரல

சரசு அத்தை: அது அப்புறம். இப்ப வேன்

கார்த்தி: நாங்க திருச்சில இருந்து பைக்லயே வந்துர்றோம் அத்த. ராத்திரி 2 மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் கெளம்புனா விடியறதுக்குள்ள மதுரை. ரோடு காலியா கெடக்கும்

சுமதி: பாப்பாவையும் வச்சுக்கிட்டா?

கார்த்தி: நடுவுல தூங்கிட்டு வந்துரும்க்கா

சுமதி: வேணாம் கார்த்தி. நாலு வயசுக்குள்ள புள்ளைன்னா பெல்ட்டு, ஹெல்மெட்டு போட்டு 40க்கு மேல போகக் கூடாதுன்னு 2022லயே விதி போட்டாச்சு

பாண்டி: அதெல்லாம் யாருக்கா பாக்குறா

மீனா சித்தி: அப்ப முத நாள் சாயங்காலம் கெளம்பட்டும். ராத்திரிதான பயம்

சுமதி: சித்தி, சாயங்காலம் 6ல இருந்து 9 வரைக்கும்தான் நாட்டுலயே அதிக விபத்து. நான் கேஷுவாலிட்டில பாக்குறதும் அதேதான். வேலை முடிஞ்சு வர்றவங்க, இருட்டுற நேரம், லைட் இல்லாம நிக்கிற லாரி. போன மாசம் ரோடு சேஃப்டிக்காக ஸ்கூல்ல பேசப் போனேன்ல, அதுக்கு எல்லாக் கணக்கும் எடுத்தேன். 2022ல இந்தியாவுல 1,68,491 பேர் ரோட்ல செத்துருக்காங்க. நம்ம தமிழ்நாட்டுல மட்டும் 17,884. ஒரு நாளைக்கு 49 பேர். நம்ம களரிக்குக் கூடுற அத்தன பேரும் தினம் ஒரு தடவ

சரசு அத்தை: நல்ல நாள்ல இதென்ன பேச்சு

முத்து மாமா: 2030க்குள்ள பாதியாக் குறைக்கப் போறாங்களாம். நியூஸ்ல வந்துச்சு

சுமதி: மாமா, இதையேதான் 2015ல பிரேசிலியாவுல நடந்த ரோடு சேஃப்டி மாநாட்டுல கையெழுத்துப் போட்டாங்க, 2020க்குள்ள பாதின்னு. கையெழுத்துப் போட்ட 2015ல இந்தியாவுல செத்தவங்க 1,46,133. பாதியா ஆச்சா? 2020ல லாக்டவுன்ல வண்டி ஓடாம கொஞ்சம் குறைஞ்சது, அவ்வளவுதான். அப்புறம் ஏறுமுகம். இப்ப அதே பாதிய 2030க்குத் தள்ளி வச்சுருக்காங்க

பாண்டி: கிடா பங்கு எவ்ளோ மாமா

முத்து மாமா: தனியா சொல்றேன்

பிரியா: அக்கா அவருக்குத்தான் ஹெல்மெட் இருக்கு. எனக்கு இல்ல

மீனா சித்தி: பூ வச்சுட்டு எப்படிம்மா ஹெல்மெட் போடுவ

சுமதி: சித்தி, போன வாரம் ஒரு பொண்ண கொண்டு வந்தாங்க. கல்யாண வீட்டுக்குப் போயிட்டு புருசன் பின்னாடி உக்காந்து வந்துருக்கு. தலையில மல்லிகைப் பூ வாடக்கூட இல்ல. ஸ்கேனுக்கு அனுப்ப நான்தான் அந்தப் பூவ எடுத்தேன், ஊசியோட சேத்து. அந்த 2022ல ஹெல்மெட் போடாம செத்தவங்க 50,029 பேர். அதுல 14,337 பேர் பின்னாடி உக்காந்தவங்க

சுமதி: பிரியா, நீ பைக்ல வராத

பிரியா: சரிக்கா

செல்வராஜ் சித்தப்பா: பைக் பேச்சையே விடுங்க

சுமதி: விட முடியல சித்தப்பா. 2013 களரில வேன்ல அண்டா ஏத்துனதுல அப்பாவுக்கு எடமில்ல. உங்க வண்டிய எடுத்துட்டு வந்தாரு. காரியாபட்டி தாண்டி

சரசு அத்தை: சுமதி

சுமதி: யாரையும் குத்தம் சொல்லல அத்த. கூட்டம் நின்னுச்சு, கேஸு வரும்னு ஒருத்தரும் தொடல. முக்கால் மணி நேரம். இப்ப அப்படி பயப்பட வேணாம். 2016ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, சட்டத்துலயும் வந்துருச்சு. தூக்கிட்டு வர்றவங்கள பேர் சொல்லுன்னுகூடக் கட்டாயப்படுத்தக் கூடாது. தமிழ்நாடு அரசோட நம்மைக் காக்கும் 48 திட்டத்துல முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம். வழியில யாராவது விழுந்து கெடந்தா 108க்கு அடிங்க, நின்னு பாருங்க

பாண்டி: 🙏

கார்த்தி: சரிக்கா. பஸ்ல மாட்டுத்தாவணி வந்துர்றோம். ஆனா வேன்ல எடம் இருக்கா

சரசு அத்தை: இதுவரைக்கும் 17 பேரு. அண்டா வேற

முத்து மாமா: புள்ளைகள மடில வச்சுக்கலாம்

சுமதி: மடில வேணாம் மாமா

பாண்டி: நானும் நண்பனும் பைக்ல வர்றோம். மூணு சீட்டு மிச்சம்னு வச்சுக்கங்க

சுமதி: அது ரெண்டு சீட்டுடா. ஹெல்மெட் ரெண்டு பேருக்கும் இருக்கா? கொண்டிய மாட்டி போட்டோ அனுப்பு

பாண்டி: ம்

செல்வராஜ் சித்தப்பா: அண்டா இந்தத் தடவ வேன்ல ஏறக்கூடாது. அருப்புக்கோட்டைல வாடகைக்கு எடுத்துக்கலாம். காசு நான் குடுக்கறேன்

சரசு அத்தை: நம்ம அண்டாவுலதான் பொங்கணும், அம்மா குடுத்தது

செல்வராஜ் சித்தப்பா: அண்ணனும் அம்மா குடுத்ததுதான்

மீனா சித்தி: பெரிய வேனா கேட்டுப் பாருங்க

முத்து மாமா: 20 சீட்டுன்னா வாடகை கூட வருமே. யார் தர்றது

சரசு அத்தை: காலைல வேன்காரர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன். கிடா பங்கு தராதவங்க முத தாங்க