பெட்டிக்குள் தூங்கும் நல்ல கத்தி: நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்?

ஒயர்க்காரன்:
பதினோரு வருடமாக வயரிங் வேலை. இடுப்புப் பையில் எப்போதும் இருப்பது பிளேடு மாற்றும் சாதாரணக் கட்டர். போன வருடம் மச்சான் ஒரு மடக்குக் கத்தி வாங்கிக் கொடுத்தார். டி2 என்கிற கடினமான கருவி ஸ்டீல், ராக்வெல் அளவுகோலில் கடினம் 60 என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. அந்தக் காசுக்கு என் கட்டரில் பத்து வாங்கலாம்.

முதல் மாதம் சுகம்தான். அப்புறம் ஒருநாள் ஏணி மேல் நின்று பழைய கேபிளை உரிக்கும்போது கிளிப்பில் இருந்த ஆணி தட்டி, கத்தி வாயில் எள்ளளவு சில்லு பெயர்ந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாணைக்கல்லில் தேய்த்தும் தடம் போகவில்லை. கட்டராக இருந்தால் பிளேடை மாற்ற அரை நிமிடம். அன்றிலிருந்து அதை வேலைக்கு எடுத்துப் போவதில்லை. மச்சான் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்கிறேன். பொய்யில்லை, பெட்டிக்குள் நன்றாகத்தான் இருக்கிறது.

தினமும் கத்தியைக் கையில் எடுக்கிறவர்கள் சொல்லுங்கள். விலை கூடினால் நமக்கு என்ன கூடுகிறது?

தரைவிரிப்பு:
நான் கார்ப்பெட்டும் வினைலும் போடுகிறவன். எனக்குப் பிளேடும் பசை மாதிரிதான், தீர்ந்துபோகிற பொருள். கார்ப்பெட்டின் அடிப்பக்கமே கூரைத் தின்றுவிடும், அதற்கும் கீழே சிமென்ட். எந்த ஸ்டீலாக இருந்தாலும் சிமென்ட்டில் ஒரு இழுப்பு இழுத்தால் போச்சு. அதனால் 18 மில்லிமீட்டர் ஒடிக்கும் பிளேடு. மழுங்கினால் ஒரு கட்டத்தை ஒடித்துவிட்டு வேலையைத் தொடரலாம். 1956இல் இந்தப் பிளேடைக் கண்டுபிடித்த ஜப்பான்காரர் ஒகாடாவுக்கு, சாக்லேட்டைக் கட்டம் கட்டமாக ஒடிப்பதிலிருந்துதான் யோசனை வந்ததாம். ஓல்ஃபா என்கிற கட்டர் கம்பெனி அவர் தொடங்கியதுதான்.

பிளேடில் மிச்சம் பிடியுங்கள், கைப்பிடியில் வேண்டாம். ஒருமுறை ஏதோ மலிவுக் கட்டர் வாங்கினேன். பிளேடு ஓடும் இடத்தில் உலோகத் தடம் இல்லை, வெறும் பிளாஸ்டிக் பள்ளம். அழுத்தி இழுக்கும்போது பூட்டு நழுவிப் பிளேடு உள்ளே போய்விட்டது, என் கையோ அழுத்திய வேகத்தில் முன்னே போனது. கட்டைவிரலில் நான்கு தையல், ஒன்பது நாள் கூலி போயிற்று. அந்தக் கூலியில் எத்தனை நல்ல கட்டர் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போடக்கூட மனம் வரவில்லை.

இப்போது கடையிலேயே பிளேடை நீட்டிப் பூட்டி, ஒரு மரக்கட்டையில் முனையை ஊன்றி அழுத்திப் பார்ப்பேன். பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்ப்பேன். நழுவினாலோ ஆடினாலோ வைத்துவிட்டு வந்துவிடுவேன். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

உளிப்பட்டறை:
டி2வைத் திட்டாதீர்கள் அண்ணே. கடினம் ஏற ஏறக் கூர் அதிக நாள் நிற்கும், ஆனால் ஆணியில் பட்டால் வளையாது, சில்லாகப் பெயரும். கடினம் குறைந்த ஸ்டீல் வாய் மடங்கும், நாலு இழுப்பில் நிமிர்த்திவிடலாம். தீட்டும்போது வாயைப் பக்கத்துக்கு 20 டிகிரிக்குத் தடிப்பாக வைத்துப் பாருங்கள், சில்லு குறையும்.

என்னிடம் இருப்பது மடங்காத கார்பன் ஸ்டீல் கத்தி, கடினம் 57 பக்கம். விலை அதிகமில்லை. மடக்கு மூட்டு இல்லாததால் மரத்தூள் அடைவதில்லை. ஈரத்தோடு உறையில் போட்டால் மறுநாளே துரு, அது ஒன்றுதான் அதன் குறை.

மூன்றுகட்டம்:
நானும் மின்வேலைதான். கேபிள் உரிக்கக் கூர்முனையே தேவையில்லை. கொக்கி போல வளைந்து, முனையில் சின்னப் பாதம் வைத்த கத்தி கிடைக்கும். பாதம் மேலுறைக்கு அடியில் வழுக்கிப் போகும், உள்ளே இருக்கும் ஒயரைக் கீறாது. செம்பில் ஒரு கீறல் விழுந்தால் வளைக்கும் இடத்தில் ஒடியும் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. ரப்பர் பிடி என்பதால் ஷாக் அடிக்காது என்று நம்பாதீர்கள். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். அங்கே கூடுதல் விலை கத்திக்கு அல்ல, காப்புக்கும் அதைச் சோதித்ததற்கும். அது இருந்தாலும் நான் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

ஒயர்க்காரன்:
சரி, பாதம் வைத்த கத்தி ஒன்று வாங்கப் போகிறேன். மச்சான் கத்தியை 20 டிகிரிக்குத் தீட்டிவிட்டேன், இனி அட்டைப்பெட்டி பிரிக்க அதுதான்.

தரைவிரிப்பு சொன்னபடி என் கட்டரையும் மரக்கட்டையில் ஊன்றி அழுத்தினேன். இரண்டாவது அழுத்திலேயே பிளேடு உள்ளே ஓடிவிட்டது. நாலு வருடமாக இதை நம்பித்தான் ஏணி மேல் நின்றிருக்கிறேன்.