வாஷிங்டன் பேரணிகளில் நமக்குள் வந்த சண்டைகள்: தெரிந்ததைப் பகிருங்கள்

நெடுவழி

"நமக்குள்ளேயே இத்தனை கருத்து வேறுபாடு இருக்கும்போது பேரணி எதற்கு?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். அமெரிக்கத் தலைநகரில் பால்புதுமையினர் நடத்திய பெரிய தேசியப் பேரணிகளில் ஐந்தையாவது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: 1979, 1987, 1993, 2000, 2009. உள்ளுக்குள் சண்டை இல்லாமல் நடந்தது என்று இதில் ஒன்றுகூட இல்லை. எது எதற்காகச் சண்டை வந்தது, எப்படித் தீர்த்தார்கள், எங்கே தீரவில்லை என்று தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். நான் 1979-இல் ஆரம்பிக்கிறேன்.

முதல் முயற்சி 1978-இல் மினியாபொலிஸில் நடந்து, அங்கேயே கலைந்துபோனது. நவம்பர் 27 அன்று, வெளிப்படையாகத் தன்பாலீர்ப்பாளராக இருந்த சான் பிரான்சிஸ்கோ நகர உறுப்பினர் ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அந்தப் பேரணியை ஆதரித்தவர். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் 1979 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் மறுபடி கூடினார்கள். அங்கும் முதல் கேள்வி "இந்த வருடம் நடத்தலாமா, வேண்டாமா?" என்பதுதான். கூட்டம் குறைந்தால் எதிரிகள் அதையே சாட்சியாகக் காட்டுவார்கள் என்ற பயம் நியாயமானது. 1977-இல் மயாமி வட்டாரத்தில் தன்பாலீர்ப்பாளர் உரிமைச் சட்டம் வாக்கெடுப்பில் ரத்தாகியிருந்தது. பெரிய தேசிய அமைப்புகள் உடனே முன்வரவில்லை, தாமதமாகத்தான் ஆதரவு தந்தன.

ஜூலையில் ஹூஸ்டனில் அடுத்த மாநாடு. பிரதிநிதிகளில் பாதிப் பேர் பெண்கள், வெள்ளையர் அல்லாதோருக்குத் தனி ஒதுக்கீடு என்று விதி வைத்தார்கள். கோரிக்கைகளை ஐந்தோடு நிறுத்தினார்கள்: கூட்டாட்சி அளவில் உரிமைச் சட்டம், அதிபரின் ஆணை, ஒடுக்கும் சட்டங்களை நீக்குதல், பெற்றோருக்குக் குழந்தை வளர்ப்புரிமை, இளையோருக்குப் பாதுகாப்பு. அக்டோபர் 14 அன்று 75,000-க்குக் குறையாமல் திரண்டார்கள். அதே வார இறுதியில் ஹோவர்ட் பல்கலைக்கழக வட்டாரத்தில் வெள்ளையர் அல்லாத தன்பாலீர்ப்பாளர்களின் முதல் தேசிய மாநாடும் கூடியது. தனியாகக் கூடினார்கள், பிறகு ஊர்வலமாக வந்து பேரணியில் சேர்ந்துகொண்டார்கள். இதைப் பிளவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

கல்தச்சன்

1987 பற்றி நான். அந்த வார இறுதியை நாள் வாரியாகப் பாருங்கள்.

அக்டோபர் 10, சனி: வருமான வரித்துறைக் கட்டடத்தின் முன் தன்பாலின இணையர்களின் கூட்டுத் திருமணம். 11, ஞாயிறு: பேரணியும், எய்ட்ஸில் இறந்தவர்களுக்கான நினைவுத் துணியின் முதல் விரிப்பும். 13, செவ்வாய்: உச்ச நீதிமன்ற வாசலில் மறியல். முந்தைய வருடம் அந்த நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கும் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. மறியலில் சுமார் 600 பேர் கைது.

திருமணம் என்ற ஏற்பாடே வேண்டாம் என்ற பெண்ணியர்களும் இடதுசாரிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மறியல் செய்தால் பெயர் கெடும் என்று அஞ்சிய மிதவாதிகளும் இருந்தார்கள். யாரையும் யாரும் மாற்றவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் தனி நாள், தனி இடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லோருக்கும் பொது. நான் பார்த்த ஏற்பாடுகளில் இதைவிடச் சிறந்தது இல்லை.

மறியலுக்கு வருபவர்களுக்கு முன்கூட்டியே அகிம்சைப் பயிற்சி கொடுப்பார்கள். சின்னச் சின்னக் குழுவாகப் பிரிவார்கள். குழுவில் ஒருவர் கைதாகாமல் வெளியே நிற்பார். உள்ளே போகிறவர்களின் பெயர்ப் பட்டியல், யாருக்கு என்ன மருந்து, யார் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், யார் வீட்டுக்குச் சொல்லவே கூடாது என்பதெல்லாம் அவரிடம் இருக்கும். இந்தக் கடைசிக் குறிப்பு நம் மக்களுக்கு உயிர்நாடி.

நினைவுத் துணியில் ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு சவக்குழியின் அளவு. அன்று 1,920 துண்டுகள். நடந்து பார்க்க நடுவில் பாதை விட்டிருந்தார்கள். பெயர்களை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். அந்த விரிப்பின் ஓரத்தில் நின்று யாரும் கோரிக்கைப் பட்டியலைப் பற்றி வாதாடியிருக்க முடியாது.

அந்திமந்தாரை

பெயரில் வந்த சண்டையை யாரும் தொடவில்லையே. 1993 ஏப்ரல் 25 பேரணியின் பெயரில் லெஸ்பியன், கே, 'பை' மூன்றும் உண்டு. 'பைசெக்ஷுவல்' என்று முழுதாகப் போடாமல் 'பை' என்று வெட்டியது சமரசம். பெயரிலேயே 'செக்ஸ்' வந்தால் எதிரிகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொன்னார்கள். திருநர்களுக்குப் பெயரில் இடமே கிடைக்கவில்லை, கோரிக்கைகளின் வாசகத்துக்குள் மட்டும் வந்தார்கள். பதாகையில் இல்லாதவர் பத்திரிகைச் செய்தியிலும் இருக்க மாட்டார். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை, ஆறாததில் வியப்பும் இல்லை.

அந்தப் பேரணிக்கு முந்தைய நாள் 'லெஸ்பியன் அவெஞ்சர்ஸ்' என்ற போராட்டக் குழு அழைத்து, சுமார் 20,000 பெண்கள் தனி ஊர்வலம் போனார்கள். வெள்ளை மாளிகை முன் தீயை விழுங்கிக் காட்டினார்கள். மறுநாள் பெரிய பேரணிக்கும் வந்தார்கள்.

சென்னையில் 2009 ஜூன் 28 அன்று மெரினாவில் தொடங்கிய ஊர்வலம் 'வானவில் சுயமரியாதைப் பேரணி' என்ற பெயரில் நடக்கிறது. எந்த அடையாளத்தையும் எண்ணி அடுக்காத பெயர். எல்லோருக்கும் உரிய ஒரு சொல்லை எடுத்தவர்களுக்கு நன்றி.

கணக்கன்

எண்ணிக்கைச் சண்டைக்கு வருகிறேன். 1993-இல், பேரணித் திடலைப் பார்த்துக்கொள்ளும் பூங்காக் காவல்துறை சொன்னது 3 லட்சம். அமைப்பாளர்கள் சொன்னது 10 லட்சம். 1995-இல் கறுப்பின ஆண்களின் பேரணியிலும் இதே தகராறு வர, 1996-இல் நாடாளுமன்றம் பூங்காத் துறையின் கூட்ட மதிப்பீட்டுக்குப் பணம் கிடையாது என்று நிறுத்திவிட்டது.

நாமே கணக்கிடும் முறை: இடத்தை 100 அடிக்கு 100 அடிக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒரு கட்டம் 10,000 சதுர அடி. கைவீசி நிற்கும் கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, அதாவது 1,000 பேர். நெருக்கமான கூட்டத்தில் ஆளுக்கு 4.5 சதுர அடி, சுமார் 2,200 பேர். மூச்சுமுட்டும் நெரிசலில் 2.5 சதுர அடி, 4,000 பேர். தவறு எங்கே வருகிறது என்றால், மேடையிலிருந்து பார்ப்பவர் முன்வரிசையின் நெரிசலைக் கடைசி வரைக்கும் போட்டுப் பெருக்குகிறார். கூட்டத்தின் வால் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போது தலை கலைந்து போயிருக்கும், அதையும் கவனிக்க வேண்டும். நகரும் ஊர்வலத்தை இரண்டு இடங்களில் எண்ண வேண்டும்.

உள்சண்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பத்து லட்சம் என்று சொல்லித்தான் நன்கொடை வாங்கியிருப்பார்கள். குறைந்தால் பழி அழைத்தவர் மேல் விழும்.

நெடுவழி

கணக்கன் தோழர் சொன்னது 2000-க்கு அப்படியே பொருந்தும். 'மில்லினியம் மார்ச்' பற்றி எழுதுகிறேன், இதுதான் எல்லாவற்றிலும் கசப்பானது.

முந்தைய பேரணிகளை ஊர் ஊராக வந்த பிரதிநிதிகள் கூடி முடிவு செய்தார்கள். இதை 1998 தொடக்கத்தில் ஹியூமன் ரைட்ஸ் கேம்பெயின் என்ற உரிமை அமைப்பும், தன்பாலீர்ப்பாளர்களை ஏற்கும் திருச்சபையான மெட்ரோபாலிடன் கம்யூனிட்டி சர்ச்சும் சேர்ந்து அறிவித்தன. முடிவெடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு அழைப்பு. பேரணி வேண்டாம் என்று சொன்னவர்கள் குறைவு. "எங்களைக் கேட்டீர்களா?" என்று கேட்டவர்களே அதிகம். திறந்த நடைமுறை வேண்டும் என்று தனிக்குழுவே அமைத்தார்கள். இயக்குநர் குழுவில் பன்முகத்தன்மை இருந்ததே என்று பதில் வந்தது. ஆனால் நியமிக்கப்பட்டவர் வேறு, தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேறு. வணிக நிறுவனங்களின் விளம்பரங்கள் மேடையை நிறைத்த கோபமும் சேர்ந்துகொண்டது.

மாற்று வழியையும் செய்து காட்டினார்கள். 1999 மார்ச் 21 முதல் 27 வரை 50 மாநிலங்களிலும் 'சமத்துவம் வீட்டில் தொடங்குகிறது' என்ற பெயரில் நிகழ்ச்சிகள். காரணம் தெளிவானது: திருமணம், வளர்ப்புரிமை இரண்டும் மாநிலச் சட்டம். தன்பாலுறவைக் குற்றமாக்கிய மாநிலச் சட்டங்கள் 2003 வரை பல இடங்களில் உயிரோடு இருந்தன. வாஷிங்டனில் கத்தினால் டெக்சாஸ் சட்டமன்றத்துக்குக் கேட்காது.

2000 ஏப்ரல் 30 அன்று பேரணிக்குப் பெருங்கூட்டம் வந்தது. பிறகு, பேரணியோடு நடந்த தெருவிழாவின் வருவாயில் பெரும்பணம் காணவில்லை என்ற புகார் எழுந்து எஃப்.பி.ஐ. விசாரணை வரை போனது. பேரணி நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள்: விழாக் கணக்கும் பேரணிக் கணக்கும் தனித்தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். ரொக்கத்தை வெவ்வேறு அமைப்பைச் சேர்ந்த இருவர் சேர்ந்து எண்ணி, அன்றே கையெழுத்திடட்டும்.

இன்னொன்று. அங்கே பூங்காத் திடலில் 25 பேருக்கு மேல் கூடினால் அனுமதிச் சீட்டு வேண்டும். சாலைக்கு நகரக் காவல்துறையிடம் தனியாக வாங்க வேண்டும். சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையில்தான் கடைசியில் மேடை இருக்கும். முதல் கூட்டத்திலேயே "கையெழுத்து யாருடையது?" என்று கேட்டுவிடுங்கள்.

கல்தச்சன்

2009 மிச்சம் இருக்கிறது. நினைவுத் துணியைத் தொடங்கிய கிளீவ் ஜோன்ஸ்தான் அந்த அக்டோபர் 11 பேரணிக்கும் அழைத்தவர்களில் ஒருவர். கோரிக்கை ஒன்றே ஒன்று: 50 மாநிலங்களிலும் குடிமைச் சட்டத்தில் சமப் பாதுகாப்பு. ஐந்தில் ஆரம்பித்தது ஒன்றுக்கு வந்துவிட்டது. வெளிப்படையாகத் தன்பாலீர்ப்பாளரான நாடாளுமன்ற உறுப்பினர் பார்னி ஃபிராங்க், நீங்கள் நிற்கும் புல்தரைக்கு மட்டும்தான் அழுத்தம் கொடுப்பீர்கள் என்றார். வேறு சிலரின் எதிர்ப்பு இன்னும் கனமானது. நவம்பர் 3 அன்று மெய்ன் மாநிலத்தில் தன்பாலினத் திருமணச் சட்டத்தின் மேல் வாக்கெடுப்பு. மூன்று வாரம் இருக்கையில் பணத்தையும் ஆட்களையும் தலைநகருக்கு இழுப்பதா?

மெய்னில் தோற்றோம். அதே நாளில் வாஷிங்டன் மாநிலத்தில் இணையர் உரிமைச் சட்டம் வென்றது. ஆகவே பேரணியால்தான் தோற்றோம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

அந்திமந்தாரை

மெய்ன் கதையை முடித்துவிடலாம் தோழர். அங்கே உள்ளவர்கள் 2009-க்குப் பிறகு வீடு வீடாகப் போனார்கள். துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வேலை இல்லை அது. எதிர்த்து வாக்களிக்கக்கூடியவரின் வாசலில் நின்று, "உங்களுக்குத் திருமணம் என்றால் என்ன?" என்று கேட்டு, பதிலைக் கடைசி வரை கேட்டார்கள். 2012-இல் அவர்களே கேள்வியை வாக்குச்சீட்டில் வைத்து வென்றார்கள்.